வெட்டாத காட்டுக்கு விலை இல்லையாம்: கீரமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்துப் பயணம்

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஊரிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஆறட்டும் என்று காத்திருந்தேன், ஆறவில்லை. பஸ் நேரம், சாப்பாட்டுக் கடை, போகும் வழி என்று பார்க்க வருகிறவர்களுக்கு அதுவும் இதில் இருக்கிறது. கூடவே கொஞ்சம் திட்டும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வைகாசியில் ஒரு சனி, ஞாயிறு புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனேன். காரணம் ஒரு காதுகுத்து. நான் கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். அதே ஃபவுண்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள் பாக்கியம். அவள் கணவர் முருகேசன் உலைப் பக்கம் வேலை பார்க்கிறார். இருவருக்கும் சொந்த ஊர் ஒன்றுதான், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் மகிழினிக்கு மூன்று வயது. "ஊரு ஊரா சுத்துறீங்க, எங்க ஊருக்குன்னா மட்டும் லீவு கெடைக்கலைங்கிறீங்க" என்று பாக்கியம் ஒரு மாதமாக என்னை இடித்துக்கொண்டே இருந்தாள். அந்த இடி தாங்காமல்தான் கிளம்பினேன்.

கிராமத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர் ஏற்கெனவே பட்டது போதும், என்ன பட்டது என்று போகப்போகத் தெரியும்.

என் வேலையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஐரோப்பாவுக்குள் போகிற இரும்புக்கு இப்போது எல்லையில் கரிவரி உண்டு. எங்கள் சரக்கில் சில அதில் மாட்டுகின்றன. ஒரு கிலோ வார்ப்படம் செய்ய எவ்வளவு கரிப்புகை போயிற்று என்று கணக்குக் காட்டுவது என் வேலை. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அடுத்த ஆர்டர் பேசும்போது அவர் அதை எங்கள் விலையில் குறைப்பார். எங்கள் முதலாளி அதை ஓவர்டைமில் குறைப்பார். ஆக, ஐரோப்பாவின் வரியை உண்மையில் கட்டிக்கொண்டிருப்பது உலைக்குப் பக்கத்தில் வேர்த்து நிற்கிற முருகேசன். இதை எங்கள் அலுவலகக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன். டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சிங்காநல்லூரில் திருச்சி பஸ். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. திருச்சியில் மாறி, புதுக்கோட்டையில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. வழியில் காபி மட்டும்தான் என்பதால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டேன். இலைச் சாப்பாடு நூறு ரூபாய், குழம்பு நன்றாக இருந்தது, ரசம் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

வந்ததே வந்தோம், பாறையில் சங்கீதக் கல்வெட்டு இருக்கிற குடுமியான்மலையைப் பார்த்துவிடலாம் என்று டவுன் பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. போய் நின்றால் கோயில் நடை சாத்தியிருக்கிறது. சாயங்காலம்தான் திறப்பார்கள் என்றார் பூக்காரம்மா. ஊருக்கெல்லாம் பயண யோசனை சொல்கிறவள் நடை திறக்கும் நேரத்தை விசாரிக்காமல் போய் நின்றேன். மலையைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு, ஒரு சோடா குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். நீங்கள் போனால் காலையிலேயே போய்விடுங்கள்.

மூன்று மணிக்குப் புதுக்கோட்டையில் கீரமங்கலம் பஸ். ஆலங்குடி வழியாக ஒன்றரை மணி நேரம். இந்த வழியில் ஜன்னலோர இருக்கை பிடித்தால் வெகுதூரத்துக்குத் தைலமரக் காடுதான் தெரியும். வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், அடியில் ஒரு புல் இல்லாமல் நிற்கும். பார்க்கப் பச்சையாக இருக்கிறதே என்று பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பச்சைதாங்க. போட்டோ எடுக்க நல்லாருக்கும். எங்க ஊருல இந்தக் காடு வந்த பெறகு கெணத்துல வாளி தரையில இடிக்குது. மழை பேஞ்சா தண்ணி கம்மாய்க்கு வரணும்ல, வராது. காட்டுக்குள்ளயே வரப்பு போட்டு மடக்கிருவாய்ங்க. அங்கிட்டு பாருங்க, ஒரு குருவி ஒக்காந்திருக்கா?"

பார்த்தேன். உட்கார்ந்திருக்கவில்லை.

கீரமங்கலத்தில் இறங்கியதும் மூக்குக்கு முதலில் பலாப்பழம் வந்தது, அப்புறம் பூ. கடைத்தெருவில் பழத்தை மலைபோல் குவித்திருந்தார்கள். நடுத்தரமான ஒரு பழம் நூற்றைம்பது சொன்னார்கள், நூற்றிருபதுக்குக் கொடுத்தார்கள். முருகேசன் பைக்கில் வந்து என்னையும் பழத்தையும் ஏற்றிக்கொண்டார். ஊர் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். வழியெல்லாம் தென்னந்தோப்பு, ஆனால் மரங்கள் எல்லாம் இளசு. பழைய மரங்களை எல்லாம் ஒரே ராத்திரியில் புயல் சாய்த்துவிட்டுப் போன பகுதி இது. காற்றும் மழையும் மாறிவிட்டன என்று இவர்களுக்கு யாரும் மாநாடு போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நானும் மறுக்கவில்லை. வெயில் கூடியிருக்கிறது என்பதை மறுக்க எனக்கென்ன பைத்தியமா? என் சண்டை வேறு.

வீட்டுக்குப் போனால் பந்தல் போட்டிருக்கிறது, ஆனால் யார் முகத்திலும் விசேஷக் களை இல்லை. பாக்கியம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒங்கள இவ்வளவு தூரம் வரச் சொல்லிட்டேன். நாளைக்குக் காதுகுத்து நடக்குமான்னு தெரியல."

விஷயம் இதுதான். ஊருக்குத் தெற்கே அய்யனார் கோயில்காடு இருக்கிறது. வீரையும் பாலையும் உசிலையும் அடர்ந்து வெயில் தரையில் விழாத காடு. அதிலிருந்து யாரும் ஒரு குச்சி ஒடிக்க மாட்டார்கள். இரும்பு உள்ளே போகக் கூடாது. எல்லைக்கல்லுக்கு வெளியே அரிவாளை வைத்துவிட்டுத்தான் போவார்கள். கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கி அங்கேயே பொங்கல் வைக்கலாம், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இன்னொன்று: எல்லைக்கு உள்ளே நின்று சொல்வது எதுவானாலும் அது சத்தியம். வாய்க்கால் தகராறு, பாகத் தகராறு எல்லாம் கடைசியில் அங்கே போய்த்தான் தீரும்.

ஒரு வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்துக்காரர்கள் வந்திருக்கிறார்கள். "உங்கள் காட்டை நீங்கள் காப்பாற்றுங்கள். அது உறிஞ்சுகிற கரியை நாங்கள் கணக்குப் போட்டு, வெளிநாட்டில் புகைவிடுகிற கம்பெனிகளுக்கு, அவர்கள் புகைக்கு ஈடாக விற்கிறோம். பதிலுக்கு உங்கள் ஊருணியைத் தூர்வாரிக் கொடுக்கிறோம்" என்றிருக்கிறார்கள். ஊர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. எப்படியும் காப்பாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம், ஊருணி சும்மா கிடைத்தால் கசக்குமா என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் கணக்குக்கு ஒரு நிபந்தனை. காடு ஆபத்தில் இருந்திருக்க வேண்டும். அதற்கு ஊர்க்காரர் ஒருவர் வீடியோவில் பேச வேண்டும். களப்பணியாளராக இருந்த பிரதீப் என்கிற பையன் பாக்கியத்தின் அண்ணன் கருப்பையாவைப் பிடித்தான். கருப்பையா விவசாயி. பங்குனித் திருவிழா நாடகத்தில் வருடா வருடம் எமன் வேடம் கட்டுகிறவர். நல்ல குரல், பெரிய மீசை. பிரதீப் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒரே தடவையில் பேசிவிட்டார். "முன்னாடி நாங்க இந்தக் காட்டுல மரம் வெட்டி வித்துக்கிட்டிருந்தோம். இப்ப இந்தத் திட்டம் வந்த பெறகு நிறுத்திட்டோம்." பின்னால் மரங்கள் அழகாக விழ வேண்டும் என்று எல்லைக்கல்லுக்கு உள்ளே நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள்.

நான் போவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அந்த வீடியோ ஊரின் எல்லா போனுக்கும் வந்தது. ஊர் கூடியது. ஒன்று, கருப்பையா உண்மையிலேயே சாமி காட்டை வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லைக்குள் நின்று பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அவர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு.

மகிழினியைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். குத்துவது அய்யனார் முன்னால். அந்தத் தாய்மாமன் கருப்பையா. பாக்கியத்துக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது.

கருப்பையாவும் அங்கேதான் இருந்தார், பந்தல் காலில் சாய்ந்துகொண்டு. "நாடகத்துல இருவது வருசமா எமனா நடிக்கிறேன். எவனாச்சும் வந்து எங்கப்பன் உசுர ஏன்டா எடுத்தேன்னு என்னையக் கேட்டானா? இதையும் வேசமுன்னு நெனச்சுட்டேங்க. எங்க நிக்கிறேன்னு பாக்காமப் போனதுதான் தப்பு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர், இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார். நேரே போய்க் கேட்டேன். ஊரே ஒப்புக்கொண்ட திட்டத்துக்கு கருப்பையா ஒருவரை மட்டும் ஒதுக்கி வைப்பது நியாயமா என்று. விருந்தாளி பேசுகிற பேச்சா இது என்று பாக்கியம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அம்பலம் கோபப்படவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இங்கிட்டு உக்காருங்க. நாங்க ஒத்துக்கிட்டது சாவடியில. அவன் சொன்னது எல்லைக்கு உள்ள. சாவடியில பேசுனத மாத்திக்கிறலாம். அங்க பேசுனத எப்படி மாத்துறது? அவன் யாருக்குச் சொன்னானோ, அவுக முன்னாடியே அதே எடத்துல நின்னு உள்ளதச் சொல்லணும். அம்புட்டுத்தான். நாளைக்குக் காலையில கணக்குச் சரிபாக்க ஆளு வாராக. சொல்லச் சொல்லுங்க."

"சொன்னா ஊருணி?" என்றார் அங்கே நின்ற ஒரு இளைஞர். அந்த ஊருணியை வரும்போதே பார்த்திருந்தேன். வண்டல் மேடு தட்டி, நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லோரும் காட்டுக்குப் போனோம். ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். எல்லைக்கல் பக்கத்தில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார்கள். சாவிக்கொத்து, தலைக் கிளிப், சேலையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி அதில் போட வேண்டும். ஊக்கு இல்லாமல் பட்டுச்சேலையைத் தோளில் நிறுத்துவது எவ்வளவு பெரிய வித்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போனுக்கு மட்டும் ஊர் விலக்கு கொடுத்திருக்கிறது. ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்தார்களாம். விலக்கு கொடுப்பதில் உலக நாடுகளுக்கு இந்த ஊர் ஒன்றும் குறைந்ததில்லை.

உள்ளே போனதும் குளிர்ச்சி முகத்தில் பட்டது. அப்புறம்தான் கவனித்தேன். மரத்துக்கு மரம் ஒரு அலுமினியத் தகடு, அதில் நம்பர், நடுவில் ஒரு இரும்பு ஆணி. கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டிய பாலை மரத்தில்கூட அடித்திருந்தார்கள். ஊக்கைக்கூட வெளியே வைத்துவிட்டு வந்த பெண்கள் அந்த ஆணிகளைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார்கள். ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து அடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். காட்டைக் காப்பாற்ற வந்தவர்கள்.

ஒன்பது மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. பிரதீப்பும், டெல்லியிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரியும். கணக்கு சரியா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது அவர் வேலை. மரியாதையான பெண், தமிழ் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பிரதீப் அதற்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் ஓடினான்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் நெருப்பு வேண்டாங்க்கா. சுள்ளியும் கார்பன் கணக்குல வருது. மேடம் பாத்துட்டா பிரச்சனை."

பாக்கியம் நிமிர்ந்தாள். ஃபவுண்டரியில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ஏந்தம்பி, எம்புள்ள காதுகுத்துக்குப் பொங்க வைக்கிற சுள்ளியக் கணக்குப் பாக்குறீங்களே, அங்க ஏரோப்பிளேன்ல பறக்குறவன் புகையக் கழிக்கிறதுக்கு எங்க அய்யனாருதான் கெடைச்சாரா?"

பிரதீப் அடுப்பை விட்டு நகர்ந்தான். அவனும் ஒப்பந்தக் கூலிதான், அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அம்பலம் என்னைக் கூப்பிட்டார். "அவன் மொழிபேத்துச் சொன்னா எங்களுக்கு நம்பிக்கை இல்ல. நீங்க சொல்லுங்க." அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

கருப்பையா எல்லைக்கல்லுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி கையிலிருந்த டேப்லெட்டில் வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு, இவர்தானே, உள்ளே வரச் சொல்லுங்கள் என்றார். அம்பலம் தலையசைத்தார். கருப்பையா கல்லைத் தாண்டி ஓரடி வைத்து நின்றார். இருபது வருடம் எமன் வேடம் கட்டிய ஆளுக்குக் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"நான் இந்தக் காட்டுல மரம் வெட்டலங்க. எங்கப்பன் வெட்டல. இந்த ஊருல ஒருத்தரும் ஒரு குச்சி ஒடிச்சதில்ல. அந்த வீடியோவுல நான் சொன்னது பொய். அதையும் இதே எடத்துலதான் நின்னு சொன்னேன். அய்யனாரு மன்னிக்கணும்."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி பிரதீப்பைப் பார்த்தார், பிரதீப் தரையைப் பார்த்தான். அதிகாரி மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிய வேண்டுமே என்கிற அக்கறையோடு விளக்கினார். ஒரு காடு அழியப்போகிறது என்றால்தான் அதைத் தடுத்ததற்கு மதிப்பு. இவர்கள் எப்படியும் வெட்ட மாட்டார்கள் என்றால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே இந்தத் திட்டத்தின் கணக்கில் இந்தக் காட்டுக்கு மதிப்பு பூஜ்யம்.

அதை எப்படித் தமிழில் சொல்வது? வார்த்தை எல்லாம் தெரியும், வாய்தான் வரவில்லை. சொன்னேன்.

"இந்தக் காட்டுக்கு மதிப்பில்லையாம். நீங்க வெட்டாததால."

அம்பலம் என்னையே பார்த்தார், நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பதுபோல. "திருப்பிக் கேளுங்க" என்றார். திருப்பிக் கேட்டேன், அதே பதில்.

"அப்ப வெட்டுற ஊருக்குத்தான் காசா?"

கேட்டேன். ஒரு வகையில் அப்படித்தான், வெட்டிக்கொண்டிருந்து நிறுத்துகிற ஊருக்கு, என்றார் அதிகாரி.

"நாளைக்கே வெட்ட ஆரம்பிச்சுட்டு, அடுத்த மாசம் நிறுத்துனா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அதையும் கேட்டேன். இல்லை, சில வருடங்களாவது வெட்டி வந்ததற்குச் சான்று வேண்டும் என்றார். நான் சொல்லி முடித்ததும் கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், என்னவென்று தெரியாமல். அந்தச் சிரிப்பு அடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலையை வேறு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் தன் கணக்கில் நேர்மையாக நடந்துகொண்டார், பொய்யைப் பொய் என்று எழுதிக்கொண்டார். எனக்கு வயிறு எரிவது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். எங்கோ ஒரு பெரிய கூட்டத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து இந்த விதியை எழுதியவர்களுக்கு, கேட்காமலே ஒரு காட்டை விட்டுவைக்கிற ஊர் இருக்கும் என்று தோன்றவே இல்லை. வெட்டுகிறவன் ஒருவன், விற்கிறவன் ஒருவன், இரண்டே பேர்தான் அவர்கள் உலகத்தில்.

கார் கிளம்பும்போது பிரதீப்பிடம் கேட்டேன், இனி என்ன செய்வீர்கள் என்று. "வேற சைட் இருக்குங்க மேடம். ஆலங்குடிப் பக்கம் தனியார் நிலத்துல தைலமரம் வைக்கப் போறோம். அது ஈஸிங்க. காலி நெலத்துல புது மரம், கணக்கு சுலபமா ஓகே ஆயிரும்." கிணற்றுத் தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது கணக்கில் வராது என்றான்.

காதுகுத்து பத்தரை மணிக்கு நடந்தது. அம்பலம் திருநீறு எடுத்துக் கருப்பையா நெற்றியில் பூசி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். கருப்பையா சம்மணம் போட்டு உட்கார, மகிழினி அவர் மடியில் ஏறிக்கொண்டு மீசையைப் பிடித்து இழுத்தாள். ஆசாரி இரும்பு ஊசி இல்லாமல் தங்கக் கம்பியால் குத்தினார். பிள்ளை வீரிட்டாள். மாமன்காரர் அவளைவிட அதிகமாக அழுதார். பாக்கியம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை கசந்துகிடந்த எனக்கும் அந்த நிமிஷம் மனசு நிறைந்துதான் போனது.

தண்டம் இல்லாமல் விடவில்லை. மரத்தில் இருக்கிற ஆணி எல்லாவற்றையும் கருப்பையாவே பிடுங்க வேண்டும், இரும்பு படாமல். குறடு கிடையாது, சுத்தியல் கிடையாது. பொங்கல் சாப்பிட்ட கையோடு ஒரு பித்தளைக் கரண்டிக் காம்பை ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவில் கொடுத்து நெம்ப ஆரம்பித்துவிட்டார். நான் கிளம்பும்வரை நாலு மரம்தான் முடிந்திருந்தது. அந்தப் பித்தளைக் கரண்டி வளைந்துபோய், முருகேசன் வேறொன்று எடுக்க வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் நாலரைக்குக் கீரமங்கலத்தில் பஸ் பிடித்து, திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து, எங்கள் கரிக்கணக்கை நிரப்பினேன். ஐரோப்பாவிலிருந்து வாங்குகிறவர் அனுப்பிய மின்னஞ்சலில் அடியில் ஒரு பச்சை இலை. தங்கள் நிறுவனம் தன் புகையை முழுக்க ஈடுகட்டிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எந்தக் காட்டை வைத்து ஈடுகட்டினார்கள் என்று தெரியாது. அங்கேயும் ஒரு கருப்பையா இருந்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். கரிக்கு வரி போட்டு, விலை வைத்து, வாங்கி விற்றால் பூமி குளிர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களை இனி நான் நம்பப் போவதில்லை. வேறு என்ன வழி என்று கேட்பீர்கள். தெரியாது. ஆனால் இந்தக் கணக்கில் முருகேசனுக்கு ஓவர்டைம் போனதும், கருப்பையாவுக்குப் பெயர் போனதும் நான் கண்ணால் பார்த்தது. புகை குறைந்ததை நான் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்ப முடியாது, புதுக்கோட்டையில் ஒரு இரவு தங்குங்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எட்டுநூறு, ஆயிரத்துக்குச் சுத்தமான அறை கிடைக்கும். வைகாசி, ஆனியில் போனால் பலா. கீரமங்கலத்தில் பூ வாங்குவதென்றால் விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறினால் விலை குறையும், ஆனால் பூ வாடிவிடும். எந்தக் கோயில்காட்டுக்குப் போனாலும் முதலில் ஊரில் ஒருவரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ஞாபகத்துக்கென்று ஒரு இலைகூடப் பறிக்காதீர்கள்.

போன வாரம் பாக்கியத்திடம் விசாரித்தேன். ஊருணி அப்படியேதான் கிடக்கிறது. சில பையன்கள் கருப்பையாவைப் பார்த்தால் பேசுவதில்லை, ஒன்னாலதான் போச்சு என்கிறார்களாம். நிறுவனம் திட்டத்திலிருந்து காட்டை எடுத்துவிட்டது. ஆனால் வீடியோவை எடுக்கவில்லை. அவர்கள் இணையதளத்தைத் திறந்தால் முதலில் அதுதான் ஓடுகிறது. இப்போது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று முறை எழுதிவிட்டேன், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது.

உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர். பெரிய மீசை வைத்த ஒருவர், பின்னால் அடர்ந்த காடு, தான் மரம் வெட்டி விற்றதாகச் சொல்லும் வீடியோ உங்கள் கண்ணில் படலாம். பட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் பெயர் கருப்பையா. அவர் ஒரு குச்சிகூட ஒடித்ததில்லை.